ஐந்தாவதாக வந்தவளின் போத்தல்

அவளை நான் முதன்முதலில் கண்டது ஒரு மலசலகூடத்தில். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் பக்கம் திரும்பு, லவ்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் திரும்பவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்தவள். பெற்ற தாயைக்கூட நான் துணியில்லாமல் பார்த்ததில்லை. இங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் மேற்சட்டையை நெஞ்சுவரை சுருட்டிக்கொண்டு, காற்சட்டையை முழங்காலுக்கு இறக்கிவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையோடு நின்று என்னைப் பார்க்கச் சொல்கிறாள். அதுவும் 'லவ்' என்று கூப்பிட்டு. அவளுடைய ஊரில் மீன்கடைக்காரியும் பஸ் கொண்டக்டரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் என் காது இரண்டும் கொதித்தன.

"பார், லவ். நீ பார்க்காவிட்டால் இது வெறும் மூத்திரம். நீ பார்த்தால்தான் சோதனை."

திரும்பினேன். பார்த்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் பிரிட்டனுக்காக நூறு மீற்றர் ஓடியவள். பெயர் வேண்டாம். அந்தப் பெயரோடு சேர்த்து ஏற்கெனவே போதுமான அளவு பேசிவிட்டார்கள்.

அந்த வேலை எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லவேண்டும். சுவிற்சர்லாந்தில், லோசானிலிருந்து ரயிலில் சிறிது தூரம் போனால் வரும் ஏரியோரச் சிறுநகர் ஒன்றில் நாங்கள் அப்போது இருந்தோம். அம்மா, அண்ணா, நான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். அண்ணா ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவினார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுவதுமாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஆங்கிலம் ஊரில் படித்தது. பிரெஞ்சு இங்கே வந்த இரண்டாம் மாதமே தொடங்கியது. அந்த நகரத்தில் ஒவ்வொரு கோடையிலும் ஓட்டம், பாய்ச்சல் என்று ஒரு மெய்வல்லுனர் போட்டி நடக்கும். சின்னப் போட்டிதான், ஆனால் பெரிய போட்டிகளுக்கு ஐரோப்பாவுக்கு வருகிறவர்கள் வழியில் இங்கேயும் ஓடிவிட்டுப் போவார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த ஒரு பெண் தேவை என்று என் பிரெஞ்சு ஆசிரியை வந்து சொன்னபோது, நான் வேறெதுவும் கேட்காமல் ஓம் என்றேன்.

"என்ர பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை," என்று அம்மா நாங்கள் இருந்த கட்டடத்தில் ஒரு தமிழ் வீட்டையும் விடாமல் சொன்னார். "வெள்ளைக்காரர் கதைக்கிறதை வெள்ளைக்காரருக்கே விளங்கப்படுத்துறது."

வேலைக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. போட்டி முடிந்ததும் சிலரை ஒரு அறைக்குக் கூப்பிட்டு, ஊக்கமருந்து எடுத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சிறுநீர் எடுப்பார்கள். ஆளை மாற்றாமல், போத்தலை மாற்றாமல் கொடுக்கிறார்களா என்று ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்கவேண்டும். ஆண்களுக்கு ஆண். பெண்களுக்குப் பெண். அந்தப் பெண் நான். மொழிபெயர்ப்பு இடையிடையே.

நான் அம்மாவுக்கு உண்மையைச் சொல்லவில்லை. "மருத்துவப் பகுதியில வேலை," என்றேன். அது பொய்யும் இல்லை.

இனி அவளைப் பற்றி.

அவள் ஐந்தாவதாக வந்தவள். சோதனைக்கு அழைக்கப்படுவது முதலாவதாக வந்தவரும் குலுக்கலில் விழுந்த இன்னொருவரும். இவளை யாரும் அழைக்கவில்லை. தானாக வந்து அந்த அறையில் இருந்த கதிரையில் அமர்ந்துகொண்டாள். கால்களை நீட்டிச் சப்பாத்தின் கயிறுகளை அவிழ்த்தாள். "நான் ரெடி," என்றாள்.

அந்த அறைக்குப் பொறுப்பு நகரத்து டொக்டர் ஒருவர். நல்ல மனிதர் என்று ஊரெல்லாம் பெயர். நகரசபையிலும் இருந்தார். என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். எங்களைப் போன்றவர்களுக்குத் தொப்பியைத் தூக்குகிறவர்கள் அந்த நாட்களில் அதிகம் இல்லை. அவர் அவளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துப் பிரெஞ்சில் சொன்னார்.

"மத்மசெல், மதாமுக்குச் சொல்லுங்கள்: ஐந்தாவதாக வந்தவரின் தண்ணீர் பூச்செடிக்குத்தான் உதவும்."

நான், "உங்களுக்கு இன்று சோதனை தேவையில்லையாம்," என்று மொழிபெயர்த்தேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அவர் சிரித்தாரே. நீ சொன்னதில் சிரிப்பு இல்லையே."

சொல்லவேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். "சரி, பூச்செடிக்கென்றாலும் எடுக்கச் சொல்லு. நான் இருக்கிறேன்."

இருந்தாள். மைதானத்து விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசியில் வீட்டுக்குப் போகவேண்டுமே என்று ஒரு போத்தலைத் தூக்கிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அந்த மலசலகூடமும் சுவரும். திரும்பி வந்ததும் போத்தலை மூடி, சிவப்பு அரக்கு உருக்கி, முத்திரை குத்தி, எண் ஒட்டினார். அவள் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். ஒழுகுகிறதா என்று பார்த்தாள். விரலால் மூடியைத் தட்டிப் பார்த்தாள். பிறகே திருப்பிக் கொடுத்தாள்.

ஓடி முடித்தவர்களுக்கு உடனே சிறுநீர் வராது. தண்ணீரைக் குடித்துக் குடித்துக் காத்திருக்கவேண்டும். அவள் மற்றவர்களைவிட அதிக நேரம் எடுப்பாள். இரண்டு கோடைகளில் அவளுடைய கதை எனக்குத் தெரியவந்தது அந்தக் காத்திருப்பில்தான்.

கரீபியன் தீவு ஒன்றிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பஸ் சாரதி ஒருவரின் மகள். பதினேழு வயதில் பாடசாலைகளுக்கிடையில் முதலாவது. பத்தொன்பதில் நாட்டின் சட்டை. "அந்தச் சட்டையோடு கடைக்குப் போனேன். எந்த நாட்டுக்காரி என்று கேட்டார்கள்," என்றாள். காலையில் தபால் கந்தோரில் வேலை, மாலையில் மழையில் பயிற்சி. ஒலிம்பிக்குக்குப் போய் இரண்டாம் சுற்றோடு திரும்பியிருக்கிறாள். நாலு பேர் கோலைக் கைமாற்றி ஓடும் அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆளாக வளைவில் ஓடுவாள். அவளுக்கு எல்லா இடத்திலும் நாலாவது, ஐந்தாவது. முன்னால் போனவர்களில் சிலருடைய, ஆண்களுக்குப்போல அகன்ற தோள்களையும் தாடையையும் நான் அந்த அறையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவர்கள் என்ன எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன எடுக்கவில்லை என்று தெரியும். அதற்குத்தான் போத்தல்."

அவள் நினைத்தது இதுதான். எங்கோ ஒரு ஆய்வுகூடத்தில் தன் போத்தல்கள் சோதிக்கப்பட்டு, பெறுபேறு தன் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கும். என்றாவது ஒருநாள் கேட்பார்கள். அன்று அது இருக்கும். பெரிய போட்டிகளில் ஐந்தாவதாக வந்தவளை அந்தக் கதவுக்குக் கிட்டவும் விடமாட்டார்கள். எங்கள் சின்ன நகரம்தான் அவளுடைய போத்தலை வாங்கியது. அதனால்தான் ஒவ்வொரு கோடையும் வந்தாள்.

ஓடும் இடத்தைத் தவிர வேறெங்கும் அவள் ஓடியதை நான் கண்டதில்லை. ஒருநாள் லோசானில் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். மேலே பஸ் நின்றது. நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவில் ஒரு காலை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கோயில் வீதி சுற்றுகிறவள்போல வந்துகொண்டிருந்தாள். சாரதி கத்தினான். நானும் கத்தினேன். ஐரோப்பாவிலேயே வேகமான பெண்களில் ஒருத்திக்காக ஒரு யாழ்ப்பாணத்துப் பெட்டை ஓடிப்போய்ப் பஸ்ஸை மறித்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"துவக்குச் சத்தம் கேட்கவில்லையே," என்றாள் ஏறியபடி.

எனக்குத் துவக்குச் சத்தம் என்றால் ஓட்டப்போட்டி அல்ல, ஊரில் கேட்ட வெடி. ஆனாலும் சிரித்தேன்.

அவளை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இரண்டாவது கோடை. அவளுக்குச் சளி பிடித்திருந்தது. அம்மா கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார்.

"இவ என்ன வேலை செய்யிறவ, பிள்ளை?"

"ஓடுறவ, அம்மா."

"ஓடுறதோ வேலை? நாங்களும்தானே குண்டுக்கு ஓடினனாங்கள். எங்களுக்கு ஆர் கப் தந்தது?"

அதை மொழிபெயர்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உன் அம்மா எவ்வளவு தூரம் ஓடினார்?" என்று கேட்டாள். கடற்கரை வரைக்கும் என்றேன்.

அம்மா சளிக்கு மல்லித் தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மல்லி, சுக்கு, மிளகு, திப்பிலி என்று சொன்னேன். திப்பிலிக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. அவள் குவளையை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

அம்மாவின் முகம் கறுத்தது. எங்கள் வீட்டில் வந்தவர் ஒருவர் கொடுத்ததைக் குடிக்காமல் தள்ளி வைத்தது அதுதான் முதல் தடவை. பகையாளிகூட ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவான்.

"நான் என்ன நஞ்சே கலந்து வைச்சிருக்கிறன்? கேள் அவவை!"

நான் கேட்டேன். அவள் எழும்பி நேரே குசினிக்குள் போனாள். வெறும் சட்டியைக் காட்டினாள். திரும்பவும் செய்யச் சொன்னாள், தன் கண்முன்னால். அம்மா முணுமுணுத்தபடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தார். திப்பிலியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். அதை வேண்டாம் என்றாள். மற்றதை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து வடிக்கும் வரை அடுப்படியில் நின்றாள். பிறகு இரண்டு குவளை குடித்தாள்.

"சரியான விசரி," என்றார் அம்மா அவள் போன பிறகு. "ஆனா கள்ளமில்லை. கள்ளமுள்ளது இப்பிடி நிண்டு பாராது."

ஒருமுறை காத்திருக்கும்போது நான் துணிந்து கேட்டேன்: "அஞ்சலோட்டத்தில் பின்னால் பார்க்காமல்தானே கையை நீட்டுகிறாய்? அங்கே யாரையும் சந்தேகப்படுவதில்லையே. என்னை மட்டும் ஏன் பார் பார் என்கிறாய்?"

அவள் தன் வலது கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள். உள்ளங்கை மேலே, விரல்கள் விரிந்து. "இந்தக் கைக்குக் கோலைத் தருகிறவளோடு குளிரிலும் மழையிலும் பழகியிருக்கிறேன். அவளுடைய மூச்சுச் சத்தம் எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாது. உனக்கு என்னைத் தெரியாது. அதனால் நீ பார்."

மூன்றாவது கோடையில் எல்லாம் மாறியது. அவள் தன் வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடத் தொடங்கியிருந்தாள். ஓடுகிறவர்களுக்கு அது வயது போன வயது. பயிற்சியாளரை மாற்றியதும், தபால் கந்தோர் வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டதும்தான் காரணம் என்றாள். ஆனால் அவளுடைய நாட்டில் கதை வேறுமாதிரிப் போனது. இந்த வயதில் திடீரென்று எப்படி? ஒரு பத்திரிகை பெயரைப் போடாமல் எழுதியது. யாரைச் சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த வருடத்துப் பெரிய போட்டிக்கு முன் அவளுடைய அணி லோசானில் தங்கிப் பயிற்சி செய்தது. நிர்வாகிகள் அவளைக் கூப்பிட்டு, அணியின் நன்மைக்காக அவளாகவே விலகிக்கொண்டால் நல்லது என்றார்கள்.

"என்னிடம் ஆதாரம் இருக்கிறது," என்று அவள் சொல்லியிருக்கிறாள். "சுவிற்சர்லாந்திலேயே இருக்கிறது. கொண்டுவருகிறேன்."

அந்த ஆதாரத்தை வாங்கத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு டொக்டரின் மருத்துவ நிலையத்துக்குப் போனாள். நல்ல வெயில். யன்னலுக்கு வெளியே ரோசாச் செடிகள். டொக்டர் எழும்பி நின்று கைகொடுத்தார்.

"கடந்த இரண்டு கோடைகளிலும் நான் தந்த போத்தல்களின் பெறுபேறு வேண்டும்," என்றாள். நான் சொன்னேன்.

டொக்டர் புருவத்தைத் தூக்கினார். "எந்தப் பெறுபேறு?"

"ஆய்வுகூடத்துப் பெறுபேறு."

"ஆ, மத்மசெல்." அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். அவருடைய முகத்தில் கள்ளமோ பயமோ இருக்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் உலுக்குகிறது. வீட்டுக்கு வந்த விருந்தினருக்குப் பழைய பகிடி ஒன்றைச் சொல்கிறவர்போலச் சொன்னார். "ஐந்தாவதாக வந்தவரின் போத்தலை யார் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள்? மதாம் அவ்வளவு ஆசைப்பட்டார். மறுக்க மனம் வரவில்லை. முதல் வருடத்தது அடுத்த நாள் காலை கழுவுதொட்டிக்குள் போனது. போன வருடத்தது," யன்னலைக் காட்டினார், "அதோ, என் ரோசாவுக்கு. மிக நன்றாகப் பூத்தது என்று சொல்லுங்கள்."

சிரித்தார்.

அந்த அரக்கு. அந்த முத்திரை. மூடியைத் தட்டிப் பார்த்த அவளுடைய விரல். பூசை முடிந்ததும் சாமியைத் தூக்கிக் குப்பையில் போட்டதுபோல இருந்தது. நான் படித்த ஆங்கிலம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"அவை சோதிக்கப்படவில்லையாம்," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அவர் அதைவிட நீளமாகச் சொன்னார். சிரித்தார். முழுவதையும் சொல்லு."

சொன்னேன். கழுவுதொட்டியைச் சொன்னேன். ரோசாவைச் சொன்னேன். நன்றாகப் பூத்ததையும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் என் வாயால் அவளுடைய முகத்தில் எறிவதுபோல இருந்தது. வாழ்க்கையில் எவ்வளவோ மொழிபெயர்த்திருக்கிறேன். அம்மாவின் அகதி விசாரணையைப் பற்றி அம்மாவுக்கு வந்த பதில்களைக்கூட நான்தான் வாசித்துச் சொன்னேன். எதுவும் இப்படி நாக்கைச் சுடவில்லை.

அவள் எழும்பினாள். மெதுவாக யன்னலுக்குப் போனாள்.

"எந்தச் செடி என்று கேள்."

டொக்டர் விரலை நீட்டினார். மஞ்சள் ரோசா. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.

"முதலாவதாக வந்தவர்களின் போத்தல்கள்? அவையாவது ஆய்வுகூடத்துக்குப் போயினவா?"

டொக்டரின் சிரிப்பு அப்போதுதான் குறைந்தது. மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார். "அது அமைப்புக் குழுவின் விஷயம்," என்றார். வாசல் வரை வந்து எனக்குத் தொப்பியைத் தூக்கினார். நான் தலையசைக்கவில்லை.

ரயில் நிலையத்து வாங்கில் இருந்தோம். ஒரு ரயில் வந்தது, போனது. அவள் எழும்பவில்லை.

"ரோசாச் செடிக்கு," என்றாள். திரும்பவும், "ரோசாச் செடிக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பார்த்தாய், இல்லையா?"

"பார்த்தேன்."

"இரண்டு தடவையும்?"

"இரண்டு தடவையும்."

"அப்படியானால் எனக்கு மிச்சமிருப்பது நீ மட்டும்தான், லவ். நாளைக்கு லோசானில் அவர்கள் முன்னால் வந்து சொல்வாயா? யாரும் கேட்காமலே நானாகக் கேட்டுக் கொடுத்ததையும், நீ பார்த்ததையும், டொக்டர் ஊற்றியதையும்."

எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. டொக்டர் நகரசபையில் இருந்தவர். அவருக்கு எதிராக நான் வாய் திறந்தது ஊருக்குத் தெரியவந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்கவேண்டும் என்றேன்.

"கேள்," என்றாள். "நான் உன்னை ஓடச் சொல்லவில்லை."

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. என் வேலை என்ன என்பதில் தொடங்கி. அம்மா வாயில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணா துள்ளினார்.

"உனக்கென்ன விசரோ? அந்த டொக்டர் ஆரெண்டு தெரியுமோ? எங்கட முதலாளி அவரிட்டத்தான் மருந்தெடுக்கிறவர். கேஸ் முடியாமக் கிடக்கு. நாளைக்கு எங்களைத் திருப்பி அனுப்பினா உன்ர ஓட்டக்காரி வந்து மறிப்பாளோ?"

"அவ பொய் சொல்லேல்லை, அண்ணா. நான் கண்டனான்."

"கண்டா கண்டதுதான். ஊரில காணாததையோ இங்க கண்டனி? வாயைப் பொத்திக்கொண்டு இரு. படிச்ச பிள்ளையெண்டா அதுவும் தெரியவேணும்."

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சத்தம் நின்ற பிறகும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கழுவுதொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விசாரணையில அந்த ஐயா என்ன கேட்டவர்? ஞாபகமிருக்கோ, பிள்ளை?"

இருந்தது. ஊரில் ஆமி அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டது யார் என்று கேட்டார்கள். நான் கண்டேன் என்றார் அம்மா. நீங்கள் மனைவி, வேறு யாராவது கண்டார்களா என்று கேட்டார்கள்.

"றோட்டு நிறையச் சனம் நிண்டது," என்றார் அம்மா. "பட்டப்பகல். கடைக்காரர், வாத்தியார், எங்கட சொந்தக்காரர். எல்லாரும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நிண்டவை. அதுகளில பிழையில்லை. பயம். ஆனா, ஒராள், ஒரேயொராள் கண்டனான் எண்டு சொல்ல இருந்திருந்தா…" முன்றானையால் கழுவுதொட்டியின் விளிம்பைத் துடைத்தார். "உன்னை அவ பார் எண்டு சொல்லிப் பார்க்க வைச்சவ. போய்ச் சொல்லிப்போட்டு வா."

"அம்மா!" என்றார் அண்ணா கதவடியிலிருந்து.

"நீ பேசாமல் இரு, ராசா. அனுப்பினா எல்லாரும்தான் போவம்."

அடுத்த நாள் லோசானில், ஏரி தெரிகிற ஒரு விடுதி அறையில், நீலக் கோட்டுப் போட்ட மூன்று நிர்வாகிகளுக்கு முன்னால் இருந்தேன். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்றையும் மெதுவாக்கவில்லை. ஒருவர் குறுக்கிட்டார்.

"நீங்கள் உண்மையாகவே பார்த்தீர்களா? கதவுக்கு வெளியே நின்றீர்களா, உள்ளேயா? மன்னிக்கவும், உங்கள் கலாசாரத்தில் இது கொஞ்சம்…"

"உள்ளே," என்றேன். "எங்கள் கலாசாரத்தில் பார்க்கமாட்டோம். முதல் நாள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவள் திரும்பச் சொன்னாள். மருந்து எடுத்த ஒருத்தி, பார்க்காமல் நிற்கிறவளைப் பார்க்கச் சொல்வாளா?"

இன்னொருவர் இந்த நாட்டில் என் நிலை என்ன என்று கேட்டார். அகதி விண்ணப்பம், முடிவு வரவில்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. நன்றி சொன்னார்கள்.

வெளியே அவள் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். "முழுவதையும் சொன்னாயா?"

"ரோசாவையும்."

தலையாட்டிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். நீளமான நடைபாதை. கொஞ்சத் தூரம் போனதும் திரும்பிப் பாராமல் வலது கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கை மேலே, விரல்கள் விரிந்து. நான் எட்டி நடந்து அதற்குள் என் கையை வைத்தேன். இறுக்கிப் பிடித்தாள். வாசல் வரை அப்படியே போனோம்.

நூறு மீற்றரிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். அஞ்சலோட்டத்தில் விட்டுவைத்தார்கள். பாதி நம்பிக்கை என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் இந்த நாட்டில் பிறகு அதிலேதான் பல காலம் இருந்தோம்.

அடுத்த கோடையில் அந்த அறைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. அவளும் எங்கள் நகரத்துக்கு வரவில்லை. டொக்டர் என்னைத் தெருவில் கண்டால் மற்றக் கரைக்குப் போனார். எங்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

நான் லோசானில் சாட்சி சொன்ன அந்த வருடத்துப் பெரிய போட்டியின் அஞ்சலோட்டத்தை நாங்கள் மூன்று பேரும் பழைய தொலைக்காட்சியில் பார்த்தோம். அண்ணாவும் வேலைக்குப் பிந்திப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து இருந்தார். அவள் வளைவில் நின்றாள். குனிந்தாள். கையைப் பின்னால் நீட்டினாள். கோல் வந்தது. அதன் பிறகு அம்மா எழும்பி நின்றதும், "ஓடடி ஓடடி என்ர ராசாத்தி" என்று கத்தியதும்தான் எனக்கு ஞாபகம். கோலைக் கொடுத்துவிட்டாள். கடைசியில் நாலாவது இடம்.

வென்றவர்கள் கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். கமெரா அவர்கள் பின்னால் போனது. அப்போது படத்தின் ஓரத்தில், எல்லாரும் ஓடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, ஒருத்தி சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து போவது தெரிந்தது. கோயில் வீதி சுற்றுகிறவளைப் போல.

"எங்க போறா அவ?" என்று அம்மா கேட்டார்.

"போத்தல் குடுக்க, அம்மா."

"நாலாவதாய் வந்தவையையும் கூப்பிடுறவையோ?"

"இல்லை. ஒருத்தரும் கூப்பிடேல்லை."

படம் மாறிவிட்டது. அவள் போய்ச்சேர்ந்த அறைக்குள் அவளை விட்டார்களா, போத்தல் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறொன்றை. விட்டிருந்தால், அங்கே பக்கத்தில் நிற்கப் போகிற பெண் யார்? அவளுக்கு எத்தனை வயது? அவள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்?